ஆமை புகுந்த வீடும் சம்பளம் புகாத வீடும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஆமை என்ன பாவம் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அமீனா கதை எல்லோருக்கும் தெரியும். வாங்கிய கடனைக் கட்டாதவன் வீட்டுக்கு நீதிமன்ற உத்தரவோடு வந்து அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர். இந்த இரண்டும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சேர்ந்து புகுவது அமெரிக்காவில் நடக்கிறது. அந்த ஆளுக்கு அங்கே ஃபீல்டு டெக்னீஷியன் என்று பெயர். தமிழில் களப்பணியாளர் என்று வைத்துக்கொள்ளலாம். குளம், சதுப்பு, ஓடைகளில் திரியும் நன்னீர் ஆமைகளைப் பிடித்து, அளந்து, குறி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது அவர் வேலை. கல்விக் கடன் வாங்கிப் படித்து, பட்டம் பெற்று, இந்த வேலைக்கு வருகிறார். சம்பளம்? அங்கேதான் சிக்கல்.

இந்த வேலைக்கு வரும் விளம்பரங்களில் ஒரு வகை இருக்கிறது. உயிரியலில் பட்டம் வேண்டும். சொந்தமாகக் கார் வேண்டும். கொசு, உண்ணி, வெயில், மழை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சேற்றில் மூட்டை தூக்கத் தெரிய வேண்டும். சனி, ஞாயிறு பார்க்கக் கூடாது, ராத்திரியிலும் கூப்பிட்டால் வர வேண்டும். இத்தனையும் கேட்டுவிட்டு கடைசி வரியில், "தங்க இடம் உண்டு, சம்பளம் இல்லை, ஆனால் மிக அருமையான அனுபவம் கிடைக்கும்" என்று முடியும். சில இடங்களில் கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம் தருவார்கள். எல்லாரும் இப்படி இல்லை, ஒழுங்காக மணிக்கூலி கணக்கில் சம்பளம் தரும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் கொடுக்காத இடமும் கொடுக்கிற இடத்துக்குச் சமமான கௌரவத்தோடு நடமாடுகிறதே, அது எப்படி?

ஆமையைப் பிடிப்பது பொழுதுபோக்கு, அதற்குப் போய் சம்பளமா என்று நினைப்பவர்களுக்காக அந்த வேலை என்ன என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுவது நல்லது.

வளையங்களில் வலை கட்டிய பொறிதான் முக்கியமான கருவி. உள்ளே மத்தி மீன் டப்பாவை ஓட்டை போட்டு வைப்பார்கள். வாசனைக்கு ஆமை உள்ளே வரும், வெளியே போக வழி தெரியாது. இதில் ஒரு விஷயம் உண்டு. ஆமை மீன் இல்லை, அதற்கு மூச்சு விடக் காற்று வேண்டும். பொறியின் மேல்பகுதி தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி கட்ட வேண்டும். ராத்திரி மழை பெய்து குளத்தில் ஓர் அடி தண்ணீர் ஏறிவிட்டால் பொறி மூழ்கும், உள்ளே இருக்கும் ஆமை செத்துவிடும். எனவே தினமும் ஒவ்வொரு பொறியையும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். காய்ச்சல், தலைவலி, தீபாவளி எதுவும் செல்லாது. மார்பு வரை வரும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்க வேண்டும்.

பிடித்த பிறகு ஓட்டின் நீளம், அகலம், எடை, ஆணா பெண்ணா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஓட்டின் விளிம்பில் வரிசையாக இருக்கும் தட்டுகளில் எந்தெந்தத் தட்டில் வெட்டு என்பதுதான் அந்த ஆமையின் அடையாள எண். சின்ன அரத்தால் ராவி அந்த வெட்டைப் போடுவார்கள். ஃபிரெட் கேகிள் என்ற ஆய்வாளர் 1939-ல் எழுதிவைத்த முறை இது. அதையே சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். சில ஆமைகளின் ஓட்டில் ரேடியோ டிரான்ஸ்மிட்டரை ஒட்டி விடுவார்கள். பிறகு ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு "பீப்" சத்தம் வரும் திசையில் முள்ளிலும் புதரிலும் நடக்க வேண்டும். முட்டையிடும் பருவத்தில் சாயங்காலம் தொடங்கி இருட்டும் வரைக்கும், சில நாள் அதற்குப் பிறகும், தரையில் ஊர்ந்து வரும் தாய் ஆமைகளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு என்றால் கொத்தனார் வேலைக்கும் அதே பெயரை வைத்துவிடலாம்.

சரி, இந்த உழைப்பால் என்ன பயன்? மிச்சிகன் மாநிலத்தில் எட்வின் ஜார்ஜ் என்பவர் 1930-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஒரு பெரிய காப்பிடம் இருக்கிறது. அங்கே 1953-ல் ஓவன் செக்ஸ்டன் என்பவர் ஆமைகளுக்குக் குறி போட ஆரம்பித்தார். பின்னால் 1970-களில் இருந்து ஜஸ்டின் காங்டனும் அவருடைய குழுவும் வருஷா வருஷம் அதே குளங்களில் அதே வேலையைச் செய்தார்கள். மோவாயும் கழுத்தும் மஞ்சளாக இருக்கும் பிளாண்டிங் ஆமைதான் அவர்கள் கவனித்ததில் முக்கியமானது. இந்தக் கணக்குகளை வைத்து 1993-ல் வெளிவந்த கட்டுரை ஆமைப் பாதுகாப்பையே புரட்டிப்போட்டது. பிளாண்டிங் ஆமையில் ஒரு பெண் ஆமை முதல் முட்டையிடும் வயதுக்கு வர 14 முதல் 20 வருஷம் ஆகிறது என்று தெரிந்தது. அதுவரை உயிரோடிருக்க வேண்டும், பிறகும் பல பத்தாண்டுகள் இருந்து முட்டையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இனம் தாக்குப்பிடிக்கும். முட்டையை மட்டும் காப்பாற்றிவிட்டு, வளர்ந்த ஆமையைச் சாலையில் லாரிக்குப் பலி கொடுத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அங்கே 1954-ல் குறி போட்ட ஒரு பெண் ஆமை 2016-ல் மறுபடி கையில் சிக்கியது. குறைந்தது 83 வயது என்று கணக்கிட்டார்கள்.

இந்த முடிவு மூன்று வருஷத் திட்டத்தில் வந்திருக்குமா? வந்திருக்காது. பிறந்த குஞ்சு முட்டையிடும் வரை காத்திருக்கவே 14 முதல் 20 கோடைகள் வேண்டும். ஒவ்வொரு கோடைக்கும் நாலு மாத ஒப்பந்தத்தில் ஒரு புது ஆள் என்றால், ஒரே ஒரு ஆமையின் இளமைப் பருவத்தைப் பதிவு செய்ய 14 முதல் 20 பேர் வந்து போவார்கள். ஒவ்வொருவரும் வந்த முதல் மாதம் வெட்டுகளைப் படிக்கப் பழகுவார்கள். நன்றாகப் பழகிய பிறகு கோடை முடியும், ஆளும் போய்விடுவார். அடுத்த வருஷம் மறுபடி முதலில் இருந்து.

இதில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கணக்குப்பதிவியலில் தேய்மானத்துக்குக் குறைந்து செல் மதிப்பு முறை என்று ஒன்று உண்டு. ஆமைகளின் எண்ணிக்கையும் அதே மாதிரிதான் தேயும். வளர்ந்த ஆமைகள் 100 இருக்கின்றன, வருஷத்துக்கு 96 சதவீதம் பிழைக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 20 வருஷம் கழித்து அந்த நூறில் சுமார் 44 மிஞ்சும். அதுவே 93 சதவீதம் என்றால் 23 தான் மிஞ்சும். வெறும் 3 சதவீத வித்தியாசம், முடிவில் பாதிக்குப் பாதி அடி. இப்போது ஒரு புது ஆள், சேறு படிந்த ஓட்டில் மூன்றாவது தட்டின் வெட்டை நாலாவது தட்டு என்று எழுதிவிட்டார் என்றால் என்ன ஆகும்? குளத்தில் உயிரோடு இருக்கும் ஆமை ஏட்டில் செத்துப்போகும். பத்து ஏட்டுப் பக்கத்தில் இப்படி நாலு தவறு இருந்தால், ஓர் இனம் அழிகிறதா பிழைக்கிறதா என்ற முடிவே தலைகீழாகும். பிறகு எத்தனை பெரிய கணினியில் போட்டுக் குழப்பினாலும் சேற்றில் நடந்த தவறு சரியாகாது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதுதான் இங்கே வினை. சம்பளம் கொடுத்தால் திட்டலாம், திருத்தலாம், "நேற்று ஏன் ஏழாம் நம்பர் பொறியைப் பார்க்கவில்லை" என்று கேட்கலாம். ஓசியில் வந்தவரை எந்த முகத்தோடு கேட்பது? அவர் ஒருநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் தடுக்க என்ன உரிமை இருக்கிறது? பல பேர் சம்பளமே இல்லாமலும் சத்தியமாக உழைக்கிறார்கள், அது அவர்களுடைய நல்ல குணம். ஒரு விஞ்ஞானம் முழுக்க அடுத்தவருடைய நல்ல குணத்தை நம்பி நடக்கிறது என்றால் அந்தக் கடையைக் கணக்காய்வாளர் ஒருத்தர் வந்து பார்த்தால் என்ன எழுதுவார்?

இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று.

முதல் வாதம்: "பணம் இல்லை." இது பாதி உண்மை. புலிக்கும் யானைக்கும் கிடைக்கிற பணம் ஆமைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அதே திட்டத்தில் டிரான்ஸ்மிட்டருக்குக் காசு இருக்கிறது. வண்டிக்குப் பெட்ரோல் போடக் காசு இருக்கிறது. மத்தி மீன் டப்பாவுக்குக் கூடக் காசு இருக்கிறது. மீன் டப்பா விற்கும் கடைக்காரரிடம் போய், "உங்களுக்கு இது அருமையான அனுபவம், சும்மா கொடுங்கள்" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். கேட்டால் மறுக்க முடியாத இடத்தில் நிற்கும் இளைஞரிடம் மட்டும்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆக, பணம் இல்லை என்பதற்கு உண்மையான அர்த்தம், பட்டியலில் கூலிக்குக் கடைசி இடம் என்பதுதான். கொடுக்காத கூலி இல்லாத செலவு ஆகிவிடாது. அந்தச் செலவை யாரோ ஓர் அப்பா, அம்மா தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கிறார்கள். ஆய்வின் கணக்கில் அந்தப் பற்று எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வாதம்: "அனுபவம்தான் சம்பளம்." அனுபவம் நல்ல பண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வீட்டுச் சொந்தக்காரர் வாடகையாக ஏற்றுக்கொள்வாரா? கல்விக் கடன் கொடுத்த வங்கி தவணையாக எடுத்துக்கொள்ளுமா? இதில் பெரிய அநியாயம் வேறு. அடுத்த வேலைக்கு, அதாவது சம்பளம் உள்ள வேலைக்கு, முன் அனுபவம் கேட்பார்கள். ஆகவே சம்பளம் இல்லாத இரண்டு கோடைகளைத் தாங்க முடிந்தவருக்கே சம்பளம் உள்ள வேலை. மற்ற கோடையெல்லாம் ஹோட்டலில் தட்டு எடுத்துப் படித்த பையனுக்கும் பெண்ணுக்கும் கதவு சாத்தியாகிவிட்டது. அறிவு குறைவு என்பதால் இல்லை, அப்பாவுக்கு வருமானம் குறைவு என்பதால். வன உயிரியல் துறைக்குள் இருப்பவர்களே இதைச் சொல்லிவிட்டார்கள். ஆரியல் ஃபோர்னியர், அலெக்ஸாண்டர் பாண்ட் என்ற இருவர் 2015-ல், சம்பளமில்லாத களப்பணியாளர் முறை வன உயிரியலுக்கே கேடு என்று தலைப்பிலேயே போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளியாள் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது வாதம்: "அவர்களாகத்தானே விரும்பி வருகிறார்கள், சட்டமும் தடுக்கவில்லையே." அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-லேயே வந்துவிட்டது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் அந்தத் தொகைக்கு வந்தது, அதற்குப் பிறகு நகரவில்லை (ஆமை கூட இதற்குள் நாலு குளம் தாண்டியிருக்கும்). ஆனால் அரசு அமைப்புகளுக்கும் லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கும் ஒருவர் தொண்டாக உழைப்பதை அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. ஆமை ஆய்வு பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கிறது. எனவே சட்டப்படி பல இடங்களில் குற்றம் இல்லாமல் போகலாம். குற்றம் இல்லை என்பதால் நியாயம் ஆகிவிடுமா? வெள்ளை மாளிகையே பல காலம் பயிற்சி மாணவர்களைச் சும்மா வேலை வாங்கியது. 2022-ல்தான் முதல்முறையாக அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. அதுவரை அங்கேயும் எல்லோரும் விரும்பித்தான் வந்தார்கள். விருப்பம் என்பது வேறு, வேறு வழி இல்லாமை என்பது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆமை பார்த்துவிட்டுப் போகும் ஓய்வு பெற்ற ஆசிரியரைத் தொண்டர் என்று சொல்லலாம். வாரத்துக்கு ஆறு நாள், அட்டவணை போட்டு, மேலதிகாரி வைத்து, தவறினால் ஆமை சாகும் என்ற பொறுப்பையும் தலையில் ஏற்றி வேலை வாங்கினால், அவர் தொழிலாளி. பெயரை மாற்றி எழுதினால் கணக்கு மாறாது.

அமெரிக்காக்காரன் கதை அமெரிக்காவோடு போகட்டும் என்று விட்டுவிட முடியாது. களத்தில் இறங்கும் கைகளுக்கு என்ன மதிப்பு என்பதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று சொல்லப்படும் ஜே. விஜயா, 1959-ல் பிறந்தவர். எத்திராஜ் கல்லூரியில் படிக்கும்போதே தன்னார்வத்தில் சென்னைப் பாம்புப் பண்ணைக்குப் போனவர். பிறகு மாமல்லபுரம் பக்கம் உள்ள முதலைப் பண்ணையில் ஆமைகளே வாழ்க்கை என்று ஆனவர்.

அவர் தேடிப் போனது ஒரு சின்ன ஆமை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன் 1912-ல், கொச்சி சமஸ்தானத்துக் காட்டில் கிடைத்ததை வைத்து அதை விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு எந்த ஆய்வாளர் கண்ணிலும் அது படவில்லை. பிரம்பாமை என்று சொல்லலாம், மலையாளத்தில் சூரலாமை. குளத்து ஆமைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் வாழ்வது காட்டுத் தரையில் சருகுக்கு நடுவே. 70 வருஷம் கழித்து 1982-ல், சாலக்குடிப் பக்கத்துக் காட்டில் விஜயா அதைக் கண்டுபிடித்தார். காட்டுக்குள் குகையில் தங்கி அதைக் கவனித்தார். 1987-ல், 30 வயதைத் தொடும் முன்பே இறந்துவிட்டார். 2006-ல் அந்த ஆமையின் பேரினத்துக்கு விஜயாசெலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அவர் சேர்த்த தகவல்களைக் கொண்ட கட்டுரை, அவரையும் ஆசிரியராகப் போட்டு 2009-ல் வெளிவந்தது. இறந்து 22 வருஷம் கழித்து! காட்டில் எழுதிய நல்ல குறிப்பு எவ்வளவு காலம் நிற்கும் பாருங்கள்.

"ஆஹா, அவரே தன்னார்வத்தில்தானே ஆரம்பித்தார்" என்று உடனே ஒருவர் கிளம்பி வருவார். வரட்டும். விஜயா வந்தது தெரிகிறது, ஏனென்றால் வந்தார். வீட்டில் "முதலில் ஒரு வேலைக்குப் போய் மாசாமாசம் பணம் அனுப்பு" என்று சொன்னதால் வராமல் போன எத்தனை விஜயாக்கள் இருந்தார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஒருவர் தியாகம் செய்தார் என்பதற்காக அந்தத் தியாகத்தையே நுழைவுக் கட்டணமாக வைக்கக் கூடாது. தியாகத்தைக் கும்பிடலாம், விளம்பரத்தில் தகுதியாகப் போடக் கூடாது.

அந்தக் கதையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். விஜயாவுக்கு அந்த ஆமையைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் அந்தக் காட்டின் காடர்கள். 70 வருஷம் ஆமை காணாமல் போயிருந்தது என்பது புத்தகம் படித்தவர்கள் கணக்கு. காட்டையே வீடாகக் கொண்டவர்களுக்கு அது காணாமல் போகவே இல்லை. எந்தச் சருகுக்குள் எப்போது தேட வேண்டும் என்பது ஒரு தொழில்நுட்பம். அதைத் தெரிந்தவர் பட்டம் வாங்காத தொழில்நுட்ப உதவியாளர். ஆனால் இப்படிப்பட்டவர்களை ஆய்வு உலகம் "உள்ளூர் மக்களின் உதவியுடன்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். மிச்சிகனில் சம்பளமில்லாமல் சேற்றில் நிற்கும் பட்டதாரியும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வழிகாட்டும் காடரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பட்டதாரிக்கு நாளைக்கு ஒரு வேலை கிடைக்கலாம், காடருக்கு அந்த வாய்ப்பும் குறைவு. ஆனால் இருவரும் அடிபடுவது ஒரே பழக்கத்தால்தான். தாளில் எழுதுவது ஆய்வு, சேற்றில் எடுப்பது எடுபிடி என்ற பழக்கம்.

கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் கடிக்கும் ஆமைகளை 1972-லிருந்து தொடர்ந்து எண்ணி வருகிறார்கள். 1980-களின் பிற்பகுதியில் நீர்நாய்கள் அங்கே ஏராளமான வளர்ந்த ஆமைகளைக் கொன்றன. 23 வருஷம் கழித்துப் பார்த்தும் எண்ணிக்கை மீளவில்லை என்று 2018-ல் வந்த கட்டுரை சொல்கிறது. போன ஆமை சீக்கிரம் திரும்பி வராது என்பதை உலகம் தெரிந்துகொண்டது இப்படி விடாமல் எண்ணியவர்களால்தான். நடுவில் பத்து வருஷம் ஆள் கிடைக்கவில்லை என்று விட்டிருந்தால் இந்த உண்மையும் கிடைத்திருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதும் மனுவில் களப்பணியாளர் கூலியை முதல் வரியில் எழுத வேண்டும். அதை எழுதாத மனுவுக்குப் பணம் கொடுப்பவர்கள் கொடுக்கக் கூடாது. பத்துக் குளத்துக்கு ஓசி ஆள் வைப்பதைவிட நாலு குளத்துக்குச் சம்பள ஆள் வைக்கலாம். அந்த ஆளே அடுத்த கோடைக்கும் திரும்பி வரும்படி சம்பளம் இருக்க வேண்டும். வழிகாட்டும் பழங்குடி மக்களுக்குக் கூலியும் வேண்டும், கட்டுரையில் பெயரும் வேண்டும். இதற்கெல்லாம் காசு இல்லை என்றால் அந்த ஆய்வுக்கே காசு இல்லை என்றுதான் பொருள், காசு சேரும் வரை காத்திருக்கலாம். ஊரான் வீட்டு நெய்யே என்று இன்னொருவர் பிள்ளையின் நாலு மாதத்தை எடுத்து ஊற்றக் கூடாது.

அடுத்த முறை எங்கேயாவது "ஆமை இனம் அழிகிறது, ஆய்வு சொல்கிறது" என்று செய்தி படித்தால், அந்த ஆமைகளை எண்ணியவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்குகிறார்கள் என்றால் அந்தக் கணக்கை இன்னொரு முறை சரிபார்ப்பது நல்லது.